பின்பாரம்

மகள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் சிவசங்கர ஆசாரிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மனுஷனுக்குக் கல் நெஞ்சு என்று வாசல் தாண்டுவதற்கு முன்பே பேசிக்கொண்டு போனார்கள். அவருக்குக் கோபமும் வரவில்லை. சோறு போட்டால் தின்றார், பாயை விரித்தால் படுத்தார். எதைத் தொட்டாலும் மரத்துப்போன காலைத் தொடுவதுபோல இருந்தது.

மகள் மீனம்மாளைக் கீழச்சிவல்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். முதல் பிரசவம் செக்காலையில், தாய் வீட்டில்தான் நடந்தது. ஐந்து மாதம் பேரன் தாத்தாவின் தோளிலேயே கிடந்தான். பிறகு புருஷன் வீட்டுக்குப் போனவள், காமாலை கண்டு இரண்டு வாரத்தில் முடிந்துபோனாள். அறுபத்தெட்டாம் வருஷம், வைகாசி மாதம். ஆனி பிறந்ததும் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளை அழகுசுந்தரத்துக்கு ஆவணியில் கல்யாணம் வைக்க வேறு பெண் பார்த்தாகிவிட்டது, பிள்ளையையும் சீரையும் எடுத்துப் போகச் சொன்னார்கள். அவசரந்தான். ஆனால் அவர்களும் பாவம், கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்.

பிள்ளையை என்ன செய்வது என்பதையும் ஆசாரி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவர் மனைவி அழகம்மாளின் தங்கை சொர்ணவல்லி நேமத்தான்பட்டியில் இருந்தாள். குழந்தை இல்லை. "எனக்குக் குடுங்க அத்தான், கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிறேன்" என்று கேட்டிருந்தாள். ஆசாரி, சரி என்றார். மாடு, கன்று கேட்டாலும் அன்றைக்கு அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். வரும் வழியிலேயே கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. அழகம்மாள் மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஆசாரிக்குப் பாலம் கட்டும் காண்ட்ராக்டரிடம் வேலை. கான்கிரீட் ஊற்றப் பலகை அடைத்துக் கொடுப்பார். ராணுவ ஏலத்தில் எடுத்த இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றின் மேல் தானே பலகைக் கூண்டு கட்டி, பின்பக்கம் கதவு வைத்து, உள்ளே படுக்கைப் பலகையும் அடுப்பு மூலையும் அமைத்திருந்தார். வேலை நடக்கும் இடத்தில் அதிலேயே சமைத்து அதிலேயே படுப்பார். தெருவில் அதற்குக் கேம்பு வண்டி என்று பெயர். அதை இழுப்பது காண்ட்ராக்டரின் ஜீப்பு, குட்டை வண்டி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கட்டிலைப் போட இடமிருக்காது. பின்னால் வருவது ஆடினால் அதுவும் கூடவே ஆடும். சீரெடுக்கப் போகும் நாளில் ஜீப்பை இரவல் வாங்கி, கேம்பு வண்டியை மாட்டிக்கொண்டு புருஷனும் மனைவியும் போனார்கள்.

சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, வந்த வரிசையிலதான் வெளிய போகணும். வெளக்கு மொதல்ல. கல்லு கடைசி. கல்லு முந்துனா வரப்போறவளும் நிலைக்க மாட்டான்னு சொல்லுவாக. தப்பா நெனைக்காதீக."

"ஆகட்டும்மா" என்றார் ஆசாரி.

குத்துவிளக்கு முதலில் ஏறி, கூண்டின் முன் மூலைக்குப் போனது. பிறகு செம்பும் குடமும் தட்டும், அலுமினியச் சட்டிகளும், தலையணைகளும். கடைசியில் மீனம்மாள் மணவறையில் கால் வைத்த அம்மியும், அவளுக்கென்று கொத்திய ஆட்டுக்கல்லும் ஏறிக் கதவோரத்தில் உட்கார்ந்தன. ஜீப்பின் கொக்கியில் மாட்டியிருந்த கேம்பு வண்டியின் மூக்கு மேலே தூக்கியது. கொக்கியில் பாரமே இல்லை. மாட்டு வண்டிக்காரன்கூட இப்படிப் பின்பாரம் ஏற்ற மாட்டான். கனமெல்லாம் அச்சுக்கு முன்னால் வர வேண்டும், மூக்கு கொக்கியை அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். வேலையாட்கள் பலகையை இப்படி ஏற்றினால் அவர்கள் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்து வைவார். இன்றைக்குப் பார்த்துக்கொண்டே நின்றார். ஊர் எல்லை தாண்டியதும் நிறுத்தி மாற்றி அடுக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

மாப்பிள்ளை பிள்ளையைக் கொண்டுவந்து அழகம்மாள் மடியில் வைத்தான். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு விலகி நின்றான். ஆசாரி வண்டியை எடுத்தார்.

மேட்டிலும் சமதளத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை தாத்தாவை அடையாளம் கண்டுகொண்டு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். அவர் திரும்பவில்லை. கண்மாய்க் கரையிலிருந்து ரோடு சரிவாக இறங்கும் இடத்தில் வண்டி தானாக வேகம் பிடித்தது. முதலில் பின்னால் ஒரு சின்ன அசைவு. அடுத்து இடப்பக்கம் ஒரு இழுப்பு, வலப்பக்கம் அதைவிடப் பெரிய இழுப்பு. கேம்பு வண்டி வாலை ஆட்ட, ஜீப்பின் பின்பக்கத்தை அது பிடித்து உலுக்க, ஸ்டியரிங் கைக்குள் நிற்காமல் துள்ளியது.

"என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள் அழகம்மாள்.

பிரேக்கை மிதித்தால் பின்னால் வருவது முன்னால் வந்து மடித்துப் போட்டுவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். காலை எடுத்தார், பிரேக்கைத் தொடவில்லை. ஆனால் கதவில்லாத அந்த ஜீப்பில் அழகம்மாள் வெளிப்பக்கம் சாய்ந்தாள். ஆசாரியின் இடது கை ஸ்டியரிங்கை விட்டது. அவர் விடவில்லை, அது விட்டது. பாய்ந்து போய்ப் பிள்ளையின் சட்டையை நெஞ்சோடு கொத்தாகப் பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கையோடு சரிவு முழுக்க அவர் மல்லுக்கட்டினார். அடியில் மணலில் சக்கரம் இறங்கி, வண்டி குறுக்காக நின்றது.

பிள்ளை வீறிட்டு அழுதான். ஆசாரியின் கை இன்னும் அந்தச் சட்டையை விடவில்லை. பயம். ஒரு மாதத்துக்குப் பிறகு அவருக்குள் வந்த முதல் உணர்ச்சி அது. பயந்து போயிருக்கிறோம் என்பதே அவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

"சட்டைய விடுங்க. புள்ளைக்கு இறுக்குது" என்றாள் அழகம்மாள்.

இறங்கிப் போய்க் கூண்டைத் திறந்தார். பாத்திரங்களை எடுத்து ரோட்டோரத்தில் வைத்தார். கடப்பாரையைக் கொடுத்து ஆட்டுக்கல்லை முன்மூலைக்கு உருட்டினார், அம்மியை அதன் பக்கத்தில் தள்ளினார். நகராமல் இருக்கப் பலகைத் துண்டை அடித்து அண்டை கொடுத்தார். மூக்கு இறங்கிக் கொக்கியில் நன்றாக உட்கார்ந்தது. மற்றதை மேலே அடுக்கினார். குத்துவிளக்குக் கடைசியில் கதவோரத்துக்கு வந்தது.

"கல்லு முந்திருச்சே" என்றாள் அழகம்மாள். "வரப்போற புள்ள, அதுவும் யாரோ பெத்த புள்ளதான."

"அவுக வாசல்ல வரிசையாத்தான எடுத்தோம். இது நம்ம ரோடு. அந்தப் புள்ள நல்லாத்தான் இருக்கும், ஏறு."

அதற்கப்புறம் வண்டி சொன்னபடி வந்தது. மெதுவாகவே ஓட்டினார். நேமத்தான்பட்டிக்குப் பிரியும் விலக்குத் தெரிந்ததும் அழகம்மாள் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள், முடியை ஒதுக்கிவிட்டாள், சட்டையின் பொத்தானைப் போட்டாள். பொத்தான் போட்ட பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். விலக்கில் வண்டி நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சொர்ணவல்லி தெருவுல இந்த வண்டிய வச்சுத் திருப்ப முடியாது" என்றார் ஆசாரி.

போன பொங்கலுக்கு இதே வண்டியை அதே தெருவில் ஒரே மூச்சில் பின்னால் எடுத்துத் திருப்பினார், தெருவே வேடிக்கை பார்த்தது. அழகம்மாளும் அதைப் பார்த்தவள்தான்.

"அப்ப நீங்க இங்கனயே நில்லுங்க. நான் நடந்து போயிக் குடுத்துட்டு வாரேன்."

"நடந்தும் போக வேணாம்."

"பெறகு? நாளைக்குக் கொண்டாருவமா?"

"நாளைக்கும் முடியாது."

அன்றைக்குத்தான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சொர்ணவல்லி பால் காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருப்பாளே என்று இருவருக்குமே தோன்றியது, அவளிடம் என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆசாரிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அழுது ஓய்ந்த பிள்ளை காலை நீட்டித் தூங்கிப்போயிருந்தான். அந்தக் கால் கியர்க் கம்பியில் இடித்துவிடாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு, இரண்டாவது கியரை மாற்றாமலேயே செக்காலையில் வீடு வரை ஓட்டினார்.