நடுவில் ஆள் இல்லாமல்

மகள் சிவசங்கரி கல்யாணமாகிக் கோவை போன பிறகுதான், தானும் கணவர் மோகனசுந்தரமும் நேருக்கு நேர் பேசிப் பழகவேயில்லை என்பது கமலாத்தாளுக்கு உறைத்தது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கம்மாளை மோட்டாரை நிறுத்தச் சொல்லு." எல்லாம் மகள் வழியாகத்தான். இப்போது சொல்லாத சொற்கள் தென்னந்தோப்புக் காற்றில் எங்கோ மிதந்து திரிவதாக அவளுக்குத் தோன்றியது. உறக்கம் போயிற்று. பொள்ளாச்சியிலுள்ள அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தாள். அதற்கு முன் இருவரும் கவுன்சலிங் போய்ப் பார்க்கும்படி மகள்தான் போனில் கெஞ்சினாள்.

கொழிஞ்சாம்பாறையில், மருந்துக்கடை மாடியில் அந்த அறை. காற்று திரைச்சீலையை மெல்ல ஊதிப் பெருக்கிவிட்டு, பிறகு மறந்துபோனதுபோல விட்டுவிட்டது. கவுன்சலர் நஜ்மா எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், அவளைத் தூங்கச் சொல்லுங்க. வெளக்கைப் போட்டுட்டு உக்காந்துக்கறா."

"அவருக்கென்னங்க மேடம், படுத்தா எருமையாட்டம் தூக்கம். வெளக்கு எரியறது தெரியுமான்னு கேளுங்க."

நஜ்மா சிரித்துவிட்டாள். "மகளுக்குப் பதிலா என்னைப் புடிச்சிட்டீங்களா? நான் சேதி கொண்டுபோக மாட்டேன். நாற்காலியைத் திருப்புங்க அண்ணா. அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

நாற்காலிகள் திரும்பின. அவருடைய புருவம் எப்போது நரைத்தது? அறையே ஒரு கிணற்றுக்குள் மெதுவாக இறங்குவது போலிருந்தது. பஸ் ஹாரன் எங்கோ மேலே, தண்ணீருக்கு அப்பால் கேட்டது.

"வெளக்கு எரியறது தெரியும்," என்றார் தரையைப் பார்த்து. பிறகு தலையைத் தூக்கினார். "எனக்கும் தூக்கமில்ல. சும்மா கண்ணை மூடிட்டுக் கெடக்கறேன். முழிச்சிருந்தா, போறேன்னு சொல்லிருவயோன்னு."

ஒரே கட்டிலில் இரண்டு பேர் விழித்திருந்திருக்கிறார்கள். நெஞ்சில் கிடந்த பாரம் சற்றே புரண்டு படுத்ததை அவள் உணர்ந்தாள். போய்விடவில்லை, புரண்டது.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னங்க?"

"எப்படிச் சொல்றது? நடுவுல ஆள் இல்லியே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"பொள்ளாச்சிக்குப் போறயா?" அவரே கேட்டார், அவளிடமே.

"பையெல்லாம் எடுத்து வெச்சுட்டனுங்க." சொன்னதும் பயமாயிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நீங்க இன்னும் கொஞ்சம் பேசுங்க," என்றாள் கமலாத்தாள். "கேட்டுட்டுச் சொல்றேன்."