ரொட்டி வேகாத நாள்

ஊர்ப்பொது அடுப்பிலிருந்து கடைசி ரொட்டியை இழுத்துப் போட்டுவிட்டு இத்தோ ஒதுங்கி நின்றாள். ரொட்டி கிடந்த இடத்தில் ஹத்துவும் ஸாயித்தும் டிராக்டர் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே தள்ளினார்கள். நல்ல கனம். பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் போல விரிசல். அது மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் இரு முனையிலும் வெல்டர் பாஸ்ஸு துளை போட்டிருந்தான். வார்ப்பிரும்பு கோபக்காரப் பிறவி, திடீரென்று சூடும் ஆகாது, திடீரென்று குளிரும் ஆகாது என்றான். மெல்ல மெல்லச் சூடேற்றி, ஒட்டிவிட்டு, மறுபடி அடுப்பிலேயே வைத்து வாயை மண் பூசி அடைத்துவிட வேண்டுமாம். மறுநாள் வரை திறக்கக்கூடாது. அதனால் ஊரில் அன்றைக்கு அதற்குமேல் ரொட்டி கிடையாது.

அட்லஸ் மலையடியில் நவம்பர் பிறந்தால், வண்டியை நிறுத்தியவன் எஞ்சின் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பான். விட்டால் ராத்திரிக் குளிரில் தண்ணீர் உறைந்து, இரும்பையே பிளந்துவிடும். நான்கு நாளைக்கு முன் ஹத்து தன் நிலத்தை உழுது, பார்லி விதைத்து முடித்து, ஸாயித்திடம் இரவல் வாங்கிய டிராக்டரை அவர் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். ஸாயித்தின் மனைவி சூடாக சூப் இருக்கிறது என்று கூப்பிட்டாள். பசி. இரண்டு கிண்ணம் குடித்தான். சூப் குடித்த தெம்பில் நேரே வீட்டுக்கு நடந்துவிட்டான். எஞ்சின் தண்ணீரை வடிக்கும் குழாயைத் திறக்கவில்லை.

விடிந்ததும் விரிசல். ஹத்து ஓடி வந்து சேர்வதற்குள், நான்தான் மறந்துவிட்டேன் என்று ஸாயித் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஹத்துவின் விதை மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்தது. ஸாயித்தின் விதையோ இன்னும் மூட்டையில். பனி கொட்ட இன்னும் ஒரு வாரம் இருந்தால் அதிகம். கொட்டிவிட்டால் அந்த வருஷத்துப் பார்லி அவ்வளவுதான். ஹத்துவுக்கு மூன்று நாளாக ரொட்டி இறங்கவில்லை.

மாவுப் பலகையோடு வந்த பெண்கள் அடுப்பில் இரும்பைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். இத்தோ விறகை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வாயும் சும்மா இருக்கவில்லை.

"என்ன ஸாயித், அதுக்குள்ள மறதி வந்துடுச்சா? நாளைக்கு வீட்டு வழியாவது ஞாபகம் இருக்குமா?"

ஸாயித் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பைத்தான் ஹத்துவால் தாங்க முடியவில்லை.

"அவர் இல்லக்கா. நான்தான் தண்ணிய வடிக்கல."

பாஸ்ஸு கம்பியை எடுக்கப் போன கையை நிறுத்தினான். ஸாயித் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்டா. அன்னிக்கே உன்னைச் சொல்லியிருந்தா இந்த ஊர்ல ஒருத்தன் உனக்கு வண்டி குடுப்பானா? உனக்கு சொந்தமா ஒரு கழுதைகூட இல்லையே."

இப்படியொரு யோசனை தனக்கு அன்று எட்டக்கூட இல்லையே என்று ஹத்து நினைத்தான். நன்றி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இத்தோ குறுக்கிட்டாள். மறந்தவனும் சரி, மறைத்தவரும் சரி, நாளைக்கு அடுப்புக்கு விறகு பிளந்து தர வேண்டும், ஊரே ரொட்டியில்லாமல் கிடக்கிறது என்று தீர்ப்புச் சொன்னாள்.

மதியம் ஹெட்டை வெளியே எடுத்தார்கள். பாஸ்ஸு விரலளவு ஒட்டுவான், சுத்தியால் சின்னச் சின்னதாகத் தட்டுவான், பிறகு மறுபடி விரலளவு. முடிந்ததும் உள்ளே தள்ளி, இத்தோ தன் கையாலேயே மண் குழைத்து அடைத்தாள். மறுநாள் விறகு பிளக்கும்போது ஹத்துவின் கண் அந்த அடுப்பு வாயை விட்டு நகரவில்லை. அடுப்பைத் திறந்து, ஹெட்டை எஞ்சினில் மாட்டி, தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. பாஸ்ஸு கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் கேட்டான்.

அதற்கடுத்த நாள் காலையிலிருந்து ஸாயித்தின் நிலத்தை இருவரும் மாறி மாறி உழுதார்கள். மூட்டைகள் காலியாயின. பொழுது சாய, ஹத்து டிராக்டரை அதே முற்றத்தில் அதே இடத்தில் நிறுத்தினான். காற்றில் பனி வாடை. ஸாயித் இறங்கினார், செருப்பு மண்ணைத் தட்டினார், வண்டியைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனார்.

"சூப் ஆறிடும், சீக்கிரம் வா" என்றார் உள்ளேயிருந்து.

ஹத்து மண்டியிட்டுக் குழாயைத் திறந்தான். வெந்நீர் ஆவி பறக்க மண்ணில் ஓடியது. மெலிந்தது. நூலானது. உள்ளேயிருந்து இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். வர்றேன் என்றான். குழாய்க்கு அடியில் உள்ளங்கையை ஏந்தியபடி, ஒவ்வொரு சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தான்.