ஏழால் பெருக்கினால்

142857 என்று எங்கே பார்த்தாலும் கங்காதரனுக்கு உடம்பு கூசும். எண்ணின் மேல் ஒரு தப்பும் இல்லை. வாய்தான் அவனுக்குச் சத்துரு.

அறுபத்திரண்டாம் வருஷம் அது. கணக்கு வாத்தியார் பள்ளிக்கூடத்தோடு கணக்கை நிறுத்திக்கொள்ளக் கூடாதா? சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனின் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றவனுக்கு, பக்கத்து வீட்டுச் சௌந்தரத்திடம் வித்தை காட்டும் ஆசை வந்துவிட்டது. கரித்துண்டால் சுவரில் அந்த எண்ணை எழுதினான். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. அதே ஆறு இலக்கம், வரிசைகூடக் கலையாமல் சுற்றிச் சுற்றி வரும். ஆறால் பெருக்கும்வரை இதே கதைதான். அவள் வாயைப் பிளந்ததும் இவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் புருஷன் மாணிக்கராஜ் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிறவன். இந்த ஆறு இலக்கமும் ஆறு ஆட்கள், திங்கள் ஒன்று, சனி ஆறு என்று வைத்துக்கொண்டால், தினமும் கேஜ் கூண்டில் இறங்கினவர்கள் அத்தனை பேரும் மேலே வந்துவிடுகிறார்கள் பாருங்கள் என்று அளந்துவிட்டான்.

ஏழால் பெருக்கினால் என்ன வரும் என்று கேட்டாள் அவள்.

999999 என்று எழுதினான். பழைய இலக்கம் ஒன்றுகூட அதில் இல்லை. அதோடு விட்டானா, பாவி? "ஞாயித்துக்கிழமை இறங்கினா, போன ஆளு ஒருத்தரும் திரும்பல" என்று சொல்லிச் சிரித்தான். சௌந்தரம் சிரிக்கவில்லை. அதையும் பார்த்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

அடுத்த ஞாயிறு, கேஜ் இறங்கும் ஷாஃப்டில் ரிப்பேர் வேலை. அன்றைக்கு வந்து நின்றால் மேஸ்திரி வேலை மாணிக்கராஜுக்குத்தான் என்று லைன் முழுக்கப் பேச்சு. சௌந்தரம் அவன் பூட்ஸை ஒளித்துவைத்து, காலைக் கட்டிக்கொண்டு அழுது, அவனைப் போகவிடாமல் பண்ணிவிட்டாள். இறங்கினவர்கள் எல்லோரும் நல்லபடியாக மேலே வந்தார்கள். மேஸ்திரி வேலை அவர்களில் ஒருவனான டக்ளஸுக்குப் போய்விட்டது.

மறுநாள் மாணிக்கராஜ் அவளையும் கூட்டிக்கொண்டு கங்காதரன் வாசலுக்கு வந்தான். பின்னாலேயே அக்கம்பக்கத்து ஜனம். போன மாதம்தான் இதே ஜனத்திடம், தாயத்து கட்டுகிறவர்களுக்கு மூளை இல்லை என்று கங்காதரன் பிரசங்கம் செய்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை இறங்கினா ஆளு திரும்பமாட்டான்னு நம்பர் போட்டுக் காட்டினீங்களாமே, சார்?"

மாணிக்கராஜ் சத்தம்கூடப் போடவில்லை. விளையாட்டுக்குச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று சொன்னால் முடிந்தது. கங்காதரன் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான்.

"நானா? பெருக்கல் கணக்கு சொன்னேன். இவங்களா ஏதாவது நெனச்சிக்கினா நான் இன்னா பண்றது?"

சௌந்தரம் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சொன்னீங்களே என்று ஒரு வார்த்தை அவள் கேட்டிருந்தால் அவன் ஒப்புக்கொண்டிருப்பான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் தப்பா கேட்டுக்கினேன். சார் போயி அப்படிச் சொல்லுவாரா?"

யாரோ சிரித்தார்கள். பொம்பளை புத்தி என்றார் ஒருவர். மாணிக்கராஜ் தலையைக் குனிந்துகொண்டு, மன்னிச்சிக்கோங்க சார் என்று கைகூப்பினான். அவமானத்தில் கங்காதரனுக்குக் காது இரண்டும் எரிந்தது. அப்படியும் அந்த மனுஷன், பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி, "பரவாயில்ல, போங்க" என்று சொல்லி அவளை மன்னித்து அனுப்பினான்.