வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம்

இங்கிலாந்திலிருந்து வந்த அந்த ஆர்டர் சின்னதுதான். கறுப்புத் தோலில், கணுக்கால் உயரத்துக்குப் பெண்கள் பூட்ஸ், ஆயிரத்து இருநூறு ஜோடி. வெளிப்பக்கத்தில் ஒரு வட்டமும் அதற்குள் ஐந்து முனை நட்சத்திரமும் எம்போஸ் அடிக்க வேண்டும். ஆம்பூரில் இருந்த அந்த ஷூ கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களோடு மெயில் போக்குவரத்து பார்ப்பது கிறிஸ்டினாவின் வேலை. வரலாறு எம்.ஏ. முடித்து, டீச்சர் வேலை கிடைக்காமல், சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள்.

ஆர்டர் கொடுத்த ஹெலன், மெயிலின் அடியில் தன் பெயருக்குப் பக்கத்திலேயே 'சூனியக்காரி' என்று ஆங்கிலத்தில் போட்டுக்கொள்கிறவள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைக்கச் சொல்லி ஒரு அட்டை அனுப்பியிருந்தாள். 'எங்கள் மதம் மிகப் பழையது. எங்கள் முன்னோரான தொண்ணூறு லட்சம் பெண்களை எரித்தார்கள். நாங்கள் மறுபடி எழுந்து வந்திருக்கிறோம்' என்று அதில் இருந்தது.

அந்த எண்ணிக்கை கிறிஸ்டினாவுக்கு உறுத்தியது. இரண்டு நாள் தேடிப் படித்தாள். ஐரோப்பாவில் சூனியக்காரி என்று கொல்லப்பட்டவர்கள் நாற்பது, ஐம்பதாயிரம் பேர். இங்கிலாந்தில் எரிக்கவில்லை, தூக்கில் போட்டார்கள். செத்தவர்கள் எந்தப் பழைய மதத்தையும் சேர்ந்தவர்களுமில்லை. அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்காமல் போன சாதாரண ஜனங்கள். ஹெலன் சொல்லும் இன்றைய மதம் எழுபது எண்பது வருஷத்துக்கு மேல் போகாது. மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயர், சூனியத்துக்கு எதிரான சட்டத்தை 1951இல் நீக்கிய பிறகு, இப்படி ஒரு மதம் ரகசியமாக உயிரோடு இருக்கிறது என்று எழுதிப் பரப்பினார். நிலாவையும் ஒரு பெண் தெய்வத்தையும் கும்பிடுகிறார்கள். யாருக்கும் கெடுதல் செய்யக்கூடாது என்பது அவர்கள் விதி.

ஹெலனுக்கு இதைப் பணிவாக எழுதினாள். 'எண்ணிக்கையை எடுத்துவிட்டுப் பல பெண்கள் என்று போடுங்கள்' என்று பதில் வந்தது.

கேன்டீனில் செண்பகம்தான் முதலில் கேட்டாள். பேஸ்டிங் மேஜையில் தோல் துண்டுகளுக்குச் சொல்யூஷன் என்கிற ஒட்டுப்பசையைத் தடவி மடிக்கிறவள். நாற்பத்தாறு வயது, புருஷன் இல்லை, வாய் ஜாஸ்தி. அவள் மேஜைக்கு மேலே இருந்த காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் இரண்டு மாதமாக ஓடவில்லை என்று மூன்று தடவை ஆபீஸ் ஏறிவந்து சண்டை போட்டிருந்தாள்.

"இன்னா மேடம் இது நட்சத்திரம்? கிறிஸ்மஸுக்கா?"

கிறிஸ்டினா சொன்னாள். அந்த ஊரில் சில பெண்கள் சூனியக்காரி என்ற பேரைத் தாங்களே வைத்துக்கொண்டு கூட்டம் சேர்ந்து சாமி கும்பிடுகிறார்கள், அவர்களுக்கான பூட்ஸ் இது என்று. மேஜையே சிரித்தது.

"அப்ப என்னையும் சேத்துக்கச் சொல்லி எழுதுங்க மேடம்," என்றாள் செண்பகம். "மந்திரம் போட்டாவது அந்த ஃபேனு ஓடுதான்னு பாக்கறேன்."

அடுத்த மேஜையில் லைன் சூப்பர்வைசர் இன்பராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

மே மாதம் இரண்டாவது வாரம். வெளியே கொளுத்தியது, உள்ளே சொல்யூஷன் நெடி கண்ணைக் கரித்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் பேஸ்டிங் பக்கத்தில் ஒருத்தி மயங்கிச் சாய்ந்தாள். தூக்கப் போனவளும் சாய்ந்தாள். கால் மணி நேரத்தில் ஐந்து பேர். அதில் முத்துமாரி மூன்று மாதக் கர்ப்பிணி. ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே கரு கலைந்துவிட்டது.

மறுநாள் எல்லோரும் அந்த பூட்ஸைத் தொட மாட்டோம் என்றார்கள். நட்சத்திரத்தில் ஏதோ ஏவல் இருக்கிறது என்று பேச்சு. பொது மேலாளர் இஷ்தியாக் அகமது பூசாரியை வரவழைத்துப் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார், பாஸ்டரை ஜெபிக்கச் சொன்னார், பள்ளிவாசலில் இருந்து ஒருவர் வந்து துவா ஓதினார். அதற்குப் பிறகு வேலை மறுபடி ஓடியது. கிறிஸ்டினா அவர் அறைக்குப் போனாள்.

"சார், இது சொல்யூஷன் நெடி. ஃபேன் ஓடல. எல்லாருக்கும் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. முத்துமாரியின் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டவர்.

"தெரியும்மா. ஃபேனை நாளைக்கே மாத்திடறேன். ஆனா நெடின்னு நம்ம வாயால சொன்னா, பாதுகாப்பு ஆடிட்டுக்கு வர்றவன் கம்பெனியவே மூடிடுவான். எண்ணூறு பேர் வூட்டுச் சோறு. ஜனங்க எதையோ நம்புறாங்க, நம்பிட்டுப் போகட்டும். ரெண்டு வாரத்துல மறந்துடுவாங்க."

கிறிஸ்டினா பேசாமல் வெளியே வந்தாள். அந்தப் பேசாமையை அவள் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

ஜனங்கள் மறக்கவில்லை. நட்சத்திரத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. ஏவியவர் என்று ஓர் ஆள் தேவைப்பட்டது. செண்பகம் தானே வாயைத் திறந்து என்னைச் சேர்த்துக்கோ என்று கேட்டதைக் காதால் கேட்டேன் என்று இன்பராஜ் சொன்னான். மயங்கிய அன்று காலையில் முத்துமாரிக்கு மோர் கொடுத்தவளும் செண்பகம்தான். அதே மேஜையில் உட்கார்ந்தும் மயங்காதவளும் அவள்தான். பதினெட்டு வருஷம் அந்த நெடியிலேயே இருந்தவளுக்கு மயக்கம் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முத்துமாரியின் புருஷனும் அவன் சொந்தக்காரர்களும் செண்பகத்தின் வீட்டுக்குப் போனார்கள். தெருவே நின்று பார்த்தது. தலைமயிரை அறுத்தார்கள். பிறகு, மந்திரம் வாயில் நிற்கக்கூடாது என்று, கல்லால் முன்பற்களைத் தட்டினார்கள்.

கிறிஸ்டினா ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது செண்பகத்தின் வாய் வீங்கி, உதட்டில் தையல் போட்டிருந்தது. பேச்சில் காற்று ஒழுகியது.

"மேடம், அந்த ஊரு பொம்பளைங்கள யாரும் அடிக்கிறதில்லயா?"

"இப்ப இல்லக்கா. முன்னாடி, முன்னூறு நானூறு வருசத்துக்கு முன்ன, தூக்குல போட்டாங்க. ஆனா அவங்க வேற, இவங்க வேற. செத்தவங்க யாரும் தன்னை அப்படிச் சொல்லிக்கல. மத்தவங்க சொன்னாங்க."

செண்பகம் முந்தானையால் வாயோரத்தை ஒற்றினாள். "நான் வெளாட்டுக்குச் சொன்னேன்," என்றாள்.

"நான்தான்க்கா அந்தப் பேச்ச எடுத்தேன்."

செண்பகம் இல்லை என்று சொல்லவில்லை.

போலீசில் குடும்பத் தகராறு என்று எழுதிக்கொண்டார்கள். கிறிஸ்டினா தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தன் பேர் போட்டுப் புகார் எழுதினாள். ஆய்வுக்காரர்கள் கம்பெனிக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு வந்தார்கள். அன்றைக்குப் புது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் கிறிஸ்டினாவின் வேலை போய்விட்டது.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. முத்துமாரி உண்மையைச் சொன்னால் அடித்தவர்கள் மேல் வழக்கு நிற்கும். முத்துமாரி தங்கியிருந்த அம்மா வீட்டுக்குக் கிறிஸ்டினா போய் அவளெதிரில் உட்கார்ந்து, அந்த நெடி கர்ப்பிணிக்கு என்ன செய்யும் என்று பொறுமையாகச் சொன்னாள். இருபத்திரண்டு வயதுப் பெண். கடைசி வரைக்கும் கேட்டாள்.

"டாக்டரும் அதான் சொன்னாங்க மேடம்."

"அப்புறம் ஏம்மா?"

"வேலைக்குப் போகாதன்னு எங்க மாமியார் சொன்னாங்க. நான்தான் போனேன்." முத்துமாரி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "நெடியாலதான் போச்சுன்னா, நான்தானே அங்க போய் ஒக்காந்தேன்? செண்பகக்கா செஞ்சாங்கன்னா நான் செய்யல. எனக்கு அந்த வூட்ல வாழணும் மேடம். போய்ட்டு வாங்க."

கிறிஸ்டினா வெளியே வந்து செருப்பை மாட்டினாள். கோபப்பட ஆள் கிடைக்கவில்லை.

ஹெலனுக்கு எல்லாவற்றையும் எழுதினாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. படித்துவிட்டு அழுதாளாம். பௌர்ணமியன்று பதின்மூன்று பேர் வட்டமாக நின்று செண்பகத்தின் பேரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினார்களாம். அவள் எங்கள் சகோதரி, எங்கள் இணையப் பக்கத்தில் போட ஒரு புகைப்படம் கிடைக்குமா என்று முடித்திருந்தாள். பூட்ஸ் ஏற்கெனவே கப்பல் ஏறியிருந்தது. கிறிஸ்டினா அந்த மெயிலுக்குப் பதில் எழுதவில்லை.

ஆடி மாதம் குடியாத்தத்துக்குப் போனாள். செண்பகம் அங்கே தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு தீப்பெட்டி ஒட்டப் போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாள். முக்காடு போட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு செண்பகம் சந்து முனைக்கே வந்தாள். வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

"வக்கீல் ஒருத்தர்கிட்ட பேசியிருக்கேன்க்கா. நீங்க ஒரு கையெழுத்து..."

"வேணாம் மேடம்." கையைப் பிடித்துக்கொண்டாள். "பஸ்லேந்து வுழுந்துட்டேன்னு இங்க சொல்லி வச்சிருக்கேன். பல்லு போனதுக்கும், முடி எடுத்ததுக்கும். நம்பிட்டாங்க. நீங்க வந்தா யாரு இன்னான்னு கேப்பாங்க. கேட்டா ஒண்ணு ஒண்ணா வெளிய வரும். என் தங்கச்சிக்கு ரெண்டு பொண்ணு இருக்குது."

"அவங்களச் சும்மா வுட்றதா?"

"நான் இங்க சும்மா இருக்கறேனே, அது போதும்." பிடித்த கையை மெல்ல விட்டாள். "இனிமே வராதீங்க மேடம். கோச்சுக்காதீங்க."

சந்துக்குள் தறிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. செண்பகம் திரும்பிப் பார்க்காமல் சுவரோரமாக நடந்து போனாள். அவள் எந்த வீட்டுக்குள் போகிறாள் என்று பார்த்துவிடக்கூடாது என்பதற்காகக் கிறிஸ்டினா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.