கிராணி மேசைக்குப் போன தக்காளி

ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு வந்த வள்ளியம்மா, முகம் கழுவுவதற்கு முன்னால் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்புறம் போய்த் தக்காளிச் செடியைத்தான் பார்த்தாள். ஏழு பழம் சிவந்திருந்தது. மறுநாள் ஞாயிறு, ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நாள். சிரம்பானில் காசநோய் வார்டில் எட்டு மாதமாகக் கிடக்கும் அவள் புருஷன் இராஜமாணிக்கம், போன வாரமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது அதைத்தான். "நம்ம செடிப் பழம் ஒண்ணு தின்னா வாய்க்கு ருசி வந்துரும் புள்ள."

அந்த ஒரு வாய்க்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் நடவு, காலையில் பச்சையாக நின்று மத்தியானம் துவண்டு, மூன்றே நாளில் செத்தது. இரண்டாவது நடவில் பூத்த பூவெல்லாம் மழையில் கொட்டியது. அப்புறம் இடத்தை மாற்றி, அடுப்புச் சாம்பல் போட்டு, மேலே பழைய தகரத்தைச் சாய்த்து, குச்சி கட்டி, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் அதற்கு நேரம் இருந்தது. பேசத்தான் ஆள் இல்லை.

காய்த்தும் என்ன? மலாயா முழுக்க அவசரகாலம். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று லயத்தைச் சுற்றி முள்வேலி. தின்னும் பண்டம் எதுவானாலும், தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கணேசமூர்த்தி எழுதித் தரும் சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்டாது. சீட்டுக்குக் காசு கிடையாது. ஆனால் முதல் தடவை வள்ளியம்மா, யாரும் கேட்காமலே, சீக்கிரம் எழுதித் தரட்டுமே என்று நாலு பழத்தை அவர் மேசையில் வைத்தாள். அடுத்த தடவை அவரே கேட்டார். அதற்கடுத்த தடவை கூடைக்குள் கையை விட்டு நல்லதாகப் பொறுக்கிக்கொண்டார். மிஞ்சிய வெடிப்புப் பழம் பஸ்ஸிலேயே கசிந்து போனது. வேலி போட்டது காட்டுக்காரனுக்கு, மேய்ந்ததோ கிராணி. கைக்கு எட்டியது இராஜமாணிக்கத்தின் வாய்க்கு எட்டவே இல்லை.

இந்தத் தடவை ஐந்து அவருக்கு, இரண்டு புருஷனுக்கு என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். வாசலில் பக்கத்து லயத்துப் பெண் பஞ்சாலை, காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ரந்தாவ் டவுனில் டாக்டரிடம் போகிறாளாம். வழியில் குழந்தைக்கு ஊட்டக் கஞ்சிப் போத்தல் எடுத்துப் போகச் சீட்டு வேண்டும்.

"எழுதிட்டாரா பஞ்சாலை?"

"இல்லக்கா. வள்ளியம்மா எப்ப வந்தாலும் வெறுங்கையோட வராது, ஒனக்கு மட்டும் என்னான்னு கேக்குறாரு. எனக்குச் செடி ஏதுக்கா? ரெண்டு பழம் கைமாத்தாக் குடு. அந்தாளு மேசையில வச்சிட்டு ஓடுறேன்."

வள்ளியம்மாவுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. பஞ்சாலை குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கடன் கேட்டாள். அதுதான் சுட்டது. அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

"மொதல்ல இவளுக்கு எழுதுங்க கிராணி. அப்புறம் எனக்கு."

கணேசமூர்த்தியின் கண் கூடை மேல் இருந்தது. "அத இப்படி வை."

"இது எம் புருசனுக்கு. இனிமே மேசையில ஒண்ணும் வைக்க மாட்டேன். பிள்ளை காய்ச்சல்ல கெடக்கு. நீங்க எழுதுற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே நிக்கிறோம். தொரை வந்து ஏன்னு கேட்டா, உள்ளதச் சொல்றேன்."

தோட்டத்துத் துரையின் கார் எந்த நேரமும் வரலாம். கிராணி பஞ்சாலைக்கு மளமளவென்று எழுதிக் கொடுத்தார். பிறகு வள்ளியம்மாவைப் பார்த்து, "ஒன்னோடதுக்குத் திங்கக்கெழம வா லா," என்றார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பார்க்க விடமாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே அவள் வந்து உட்கார்ந்ததும், இராஜமாணிக்கம் அவள் முகத்தைப் பார்த்தான், வெறும் பையைப் பார்த்தான். அவளே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பழம் அழுகிப் போயிடுமே புள்ள," என்றான் அவன் மெதுவாக.

"அழுகட்டும். ஒங்க வாயில ஒண்ணு வச்சுப் பாக்கணும்னு எனக்கு உசிரே தவிக்குது. ஆனா கிராணி கேட்டுக் கெடலங்க, கேக்காமயே குடுத்து நாந்தான் கெடுத்தேன். இருக்கிறவ ஒருநா ஆசையாக் குடுக்கிறது, இல்லாதவளுக்கு மறுநாளே வெலையாப் போயிடுதுங்க."