தொண்ணூற்றாறாம் பக்கம்

எட்டாம் வகுப்பு வாசிப்புத் தேர்வின் முப்பத்தெட்டு விடைத்தாள்களில் முப்பத்தேழு, கதையின் முடிவை ஒரே மாதிரிச் சொல்லியிருந்தன. ‘அம்மா மனம் மாறி வீடு திரும்பினாள். குடும்பம் மீண்டும் ஒன்று சேர்ந்தது.’ சுத்தமான ஈயடிச்சான் காப்பி. டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரியை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். சரியான விடைதான் என்பதால் மார்க் போட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

முப்பத்தெட்டாவது தாள் தூங்குமூஞ்சியுடையது. அந்தப் பெயர் ஆசிரியர்கள் ஓய்வறையில் வைத்தது. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டே இருக்கும் பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘கதை முடியவில்லை. அம்மா வந்தாளா இல்லையா என்று தெரியவில்லை.’

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. பதினோரு வருடமாகச் சுவரோடு பேசிப் பேசித் தொண்டை வறண்டவள் அவள். வாசிப்பு வகுப்பில் புத்தகத்துக்குள் போனை வைத்துக்கொள்பவன், ஒரே பக்கத்தை அரை மணி நேரம் முறைப்பவள், ‘இது பரீட்சைக்கு வருமா மிஸ்’ என்று மட்டும் வாய் திறப்பவன் என்று எல்லோரையும் பொறுத்துக்கொண்டாள். படிக்காததோடு நக்கலும் செய்தால்? சிவப்பு மையால் பெரிய பூஜ்யம் போட்டாள்.

மூன்றாவது பீரியடில் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தினாள்.

“முடிவு என்னன்னு போர்டுல எழுதினேனா இல்லையா?”

“எழுதினீங்க மிஸ்.”

“அப்போ ஏன் எழுதல?”

“அது போர்டுல இருந்துச்சு மிஸ். புக்ல இல்ல.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒருவன் பெஞ்சைத் தட்டினான். அந்தச் சிரிப்புதான் டீச்சரைக் கெடுத்தது. “உனக்கு இந்தப் புத்தகமே ஜாஸ்தி. பச்சை ஸ்டிக்கர்தான் சரி” என்றாள்.

பச்சை ஸ்டிக்கர் என்றால் நூலகத்தின் கீழ்த்தட்டு. முயலும் வாத்தும் பேசும், பக்கத்துக்கு நாலு வரி உள்ள, ஆறு வயசுக்கான புத்தகங்கள். வாசிப்புத் தேர்வில் பூஜ்யம் வாங்குகிறவர்களைத் துணைப் பிரிவுக்கு மாற்றி அதைத்தான் கொடுப்பார்கள். பதிமூன்று வயசுப் பெண் ஒரு வருடம் முழுக்க முயலோடு உட்கார வேண்டும். அங்கே போன பிள்ளைகள் திரும்பி வந்ததாக டீச்சருக்கு ஞாபகம் இல்லை. இருந்தும் மாற்றுப் படிவத்தை நிரப்பினாள். ‘கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை. எதிலும் ஈடுபாடு இல்லை.’ மூன்று மணிக்குத் தலைமையாசிரியை அறையில் வீட்டாரைச் சந்திப்பது என்று ஏற்பாடாயிற்று. அங்கே படிவத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் முடிந்தது கதை.

மதியம் இரண்டு மணிக்கு டீச்சர் நூலகத்துக்குப் போனாள். புத்தகத்தின் கடைசிப் பத்தியைக் கோடு போட்டு எடுத்துப் போய், வீட்டார் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டுவதாக எண்ணம். அலமாரியில் அந்த நாவலின் நாற்பது பிரதிகள் வரிசையாக நின்றன. ஒன்றை உருவிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

தொண்ணூற்றாறாம் பக்கம். அந்தச் சிறுமி அம்மாவைத் தேடிப் பேருந்தில் போகிறாள். வண்டி நிற்கிறது. ‘படியில் காலை வைத்தபோது அவள்’ என்று வரி பாதியில் நிற்கிறது. அடுத்தது பின்னட்டை.

இன்னொன்றை எடுத்தாள். தொண்ணூற்றாறு. இன்னொன்று. அதுவும். விரலை உள்ளே விட்டுப் பார்த்தபோது தையல் ஓரத்தில் பிளேடால் நறுக்கிய காகித விளிம்புகள் உறுத்தின.

“என்ன டீச்சர் தேடறீங்க?” என்று நூலகர் மேஜையிலிருந்து கேட்டார். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். எதற்கும் அவசரப்படாத மனிதர்.

“இதுக்குக் கடைசிப் பக்கமெல்லாம் எங்க சார்?”

“அது போய் ஆறு வருஷமாச்சே. யாரோ ஒரு அப்பா வந்து கத்தினார். வீட்டை விட்டுப் போன அம்மா திரும்பியே வரலன்னு எழுதியிருக்கு, இதெல்லாம் பதிமூணு வயசுப் புள்ளைங்க படிக்கிறதான்னு. அப்ப இருந்த ஹெட்மிஸ் கடைசிப் பதினாறு பக்கத்தையும் வெட்டச் சொல்லிட்டாங்க. நானேதான் உக்காந்து வெட்டினேன். நாற்பது புக்கு. கட்டை விரல்ல கொப்புளம் வந்துடுச்சு.”

“அப்போ அம்மா திரும்பி வந்தாங்கன்னு பாடக் குறிப்புல இருக்கறது?”

“அது அந்த மேடம் சொந்தமா எழுதிச் சேர்த்தது.” நூலகர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “நீங்க நாலு வருஷமா இதை நடத்தறீங்களே டீச்சர்?”

டீச்சரின் காது இரண்டும் எரிந்தன. நாலு வருடம். முதல் வருடம் விடுமுறையில் படித்துவிடலாம் என்றுதான் இருந்தாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு அறுவை சிகிச்சை, விடுமுறை போன இடம் தெரியவில்லை. பிறகு கையில் குறிப்பு இருந்தது. அத்தியாயம் வாரியாக, கேள்வி பதிலோடு. அதற்கப்புறம் புத்தகம் எதற்கு? பிள்ளைகள் அவளைக் காப்பியடித்தார்கள், அவள் குறிப்பைக் காப்பியடித்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த நாவலைக் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஆளைப் பிடித்துத்தான் பூஜ்யம் போட்டிருக்கிறாள்.

“விடுங்க டீச்சர், யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் நூலகர். பிறகு என்ன தோன்றியதோ, மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்தார். “ஒரு செட்டை மட்டும் தூக்கிப்போட மனசு வரல.”

டீச்சர் நின்றபடியே பதினாறு பக்கத்தையும் படித்தாள். முடித்து நிமிர்ந்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

தலைமையாசிரியையின் அறையில் படிவம் தயாராக மேஜைமேல் கிடந்தது. பேனா மூடி கழற்றி வைத்திருந்தது. அந்தப் பெண் சுவரோரம் தலையைக் கவிழ்த்து நின்றாள். அவளுக்கு முன்னால் நாற்காலி நுனியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். சலவைக் கூடத்துச் சீருடை, நீரில் ஊறி வெளுத்த விரல்கள்.

“நீங்க அம்மாவா?” என்றார் தலைமையாசிரியை.

“பெரியம்மா மேடம். என் தங்கச்சி பொண்ணு இவ.”

“அம்மா வரலையா?”

பெரியம்மா ஒரு கணம் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். “அவ இங்க இல்லைங்க. சொல்லாம கொள்ளாம போயிட்டா. ரெண்டு வருஷமாச்சு.”

டீச்சரின் கையில் உறை கனத்தது. நாலு வருடம் பாடம் நடத்தியவளுக்கு அந்தக் கதை இப்போதுதான் பயத்தைக் கொடுத்தது. ‘அம்மா வந்தாளா இல்லையா என்று தெரியவில்லை’ என்ற வரியை நக்கல் என்று நினைத்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

“சரி, நீங்க இதுல ஒரு கையெழுத்து…” என்று தலைமையாசிரியை படிவத்தைத் தள்ளினார்.

“வேண்டாம் மேடம்” என்றாள் டீச்சர். “இவ எழுதினதுதான் சரி. நான் போட்ட மார்க்தான் தப்பு.”

அவள் விழுங்காமல் சொன்னாள். வெட்டிய பக்கம், சேர்த்த முடிவு, எல்லாம். “நான் இந்தப் புத்தகத்தைப் படிக்காமலேதான் நடத்தினேன். இவ ஒருத்திதான் படிச்சிருக்கா.”

தலைமையாசிரியையின் முகம் கறுத்தது. வீட்டார் முன்னால் பேசுகிற பேச்சா இது என்பதுபோல் பார்த்தார். “யோசிச்சுப் பேசுங்க. இவ பாஸ்னா மத்த முப்பத்தேழு பேரும் ஃபெயிலு. மார்க் லிஸ்ட் நேத்தே மேலிடத்துக்குப் போயாச்சு. முப்பத்தேழு பேர் ஃபெயில்னா அது பசங்க ஃபெயில் இல்ல, நீங்க ஃபெயில்.”

“ஆமா மேடம்.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்கறேன்.”

சொன்ன பிறகுதான் வேலைக்கே உலை வைத்துக்கொண்டோமோ என்று பயந்தாள்.

“மிஸ்.” சுவரோரத்திலிருந்து முதல் முறையாகக் குரல் வந்தது. “அந்த அம்மா வந்தாங்களா?”

டீச்சர் வாயைத் திறந்தாள். வந்தாள் என்று சொல்லிவிடலாம். நாலு வருடமாகச் சொன்னதுதானே, இன்னொரு முறை சொன்னால் என்ன? இந்தப் பெண்ணுக்கு அதுதான் நல்லது என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். பெண் தலையை நிமிர்த்தி நேராக அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பெரியம்மா பக்கம் திரும்பினாள். “இதோட முடிவு கொஞ்சம் கஷ்டமா இருக்கும்மா. குடுக்கட்டுமா?”

பெரியம்மா வெளுத்த விரல்களைக் கோத்துக்கொண்டார். “அவளுக்குத் தெரியாத கஷ்டமா டீச்சர்? குடுங்க.”

“அந்தப் பக்கங்களை எடுத்ததே வயசுக்கு ஒத்துவராதுன்னுதான்!” என்று தலைமையாசிரியை எழுந்தே விட்டார். அதற்குள் உறை பெண்ணின் கைக்கு மாறிவிட்டது.

அதன்பின் பெரியவர்களின் சண்டை. விதி என்றார், விளக்கக் கடிதம் என்றார், நாளைக் காலை பத்து மணி என்றார் தலைமையாசிரியை. டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாளே தவிர, படிவத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பெரியம்மா யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் முந்தானையைத் திருகினார். கடைசியில் தலைமையாசிரியை சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“நீயே சொல்லும்மா. உனக்கு இந்த வகுப்புல இருக்கணுமா, வேணாமா?”

பதில் இல்லை.

“உன்னைத்தான் கேக்கறேன்!”

பதில் இல்லை. பெண் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி, காகிதத்தை முகத்துக்கு அருகில் பிடித்திருந்தாள். உதடு லேசாக அசைந்தது. கன்னத்தில் ஈரம் இருந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை.

“பாத்தீங்களா? கூப்பிட்டா பதில் இல்ல. நீங்களே எழுதிக் குடுத்ததுதானே இது?”

“நான்தான் எழுதினேன்” என்றாள் டீச்சர். படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். “கொஞ்சம் பொறுங்க மேடம். இன்னும் மூணு பக்கம் இருக்கு அவளுக்கு.”