மேல்மாடிப் பங்கு

விருதுநகர்க்காரர் லாட்ஜ் ஆபீஸ் மேஜைக்கு முன்னால் கையைக் கூப்பாத குறையாக நின்றார். தோளில் கிடந்த குழந்தைக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத் துண்டு. பின்னால் அவர் மனைவி இரண்டு பைகளையும், காயாத துணிகளைத் திணித்த ஒரு பிளாஸ்டிக் கவரையும் சுமந்துகொண்டிருந்தாள். வெளியே சாரல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகும் கூட்டம் எண்ணெய் பூசிய முதுகுகளுடன் வாசலைக் கடந்தது.

"வேன் தென்காசியில இருந்து கிளம்பிருச்சு மேடம். ரெண்டு மணி நேரம் ரூம்ல இருந்துக்கிறோம்."

"இருபத்துநாலு மணி நேரம் முடிஞ்சிட்டு சார். ரூம்ல இருக்கணும்னா இன்னொரு நாள் வாடகை. இங்கன சோபால உக்காருங்க, அதுக்குக் காசு இல்ல."

"பிள்ளைக்கு நெருப்பா கொதிக்குது."

"உங்களுக்கு ஒண்ணு, அடுத்தாளுக்கு ஒண்ணுன்னு நான் செய்யுததில்ல."

மஞ்சு சாவிக்காகக் கையை நீட்டினாள். அவர் சாவியை மேஜைமேல் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. அதை அவள் கவனித்தாள். பொருட்படுத்தவில்லை. சக்கர நாற்காலியைத் திருப்பிச் சாவியை ஆணியில் மாட்டினாள். தரை துடைத்துக்கொண்டிருந்த வள்ளித்தாய் மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழந்தைக்கு வெந்நீர் எடுத்துவர உள்ளே போனாள்.

சோபாவில் தினசரி படித்துக்கொண்டிருந்த அவளுடைய மூத்த அண்ணன் சிவனணைந்தபெருமாள் தலையைத் தூக்காமலே சிரித்தார். "அதாம்ட்டி சரி. ரூல்னா ரூல்தான்."

மஞ்சுவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் போயின. ஆய்க்குடியில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கான விடுதியில் தங்கிப் படித்தாள். படிப்போடு ஒரு வைராக்கியத்தையும் அங்கிருந்து கொண்டு வந்தாள். யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதை வாங்கமாட்டாள். பஸ் சலுகை அட்டை அவளிடம் கிடையாது. கோயில் வரிசையில் "நீங்க முன்னால போங்கம்மா" என்று யாராவது ஒதுங்கினால், ஒதுங்கியவருக்கு அன்றைக்கு நல்ல பேச்சுக் கிடைக்கும். குற்றாலத்தில் அப்பா கட்டிய அந்த லாட்ஜை இருபது வருடமாக, ஒரு சீசன்கூட விடாமல், அவள்தான் நடத்தினாள். கீழ்த்தளத்தில் ஆபீஸ், ஆபீசுக்குப் பின்னால் அவள் அறை. மேலே இரண்டு மாடிகள். லிஃப்ட் கிடையாது. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருந்த அப்பா, மண்டியில் காசு வர வர ஒவ்வொரு தளமாக ஏற்றினார். மூன்று தளங்களிலும் அறைகள் ஒரே எண்ணிக்கை, ஒரே அளவு. பிற்காலத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் வம்பு வராது என்று பெருமையாகச் சொல்லுவார். அதை மட்டும் எழுதிவைக்காமல் மாசி மாதம் செத்துப்போனார்.

சின்ன அண்ணன் பாண்டிராஜ் பட்டாளத்திலிருந்து திரும்பி, கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தான். அவன் ஒரு யோசனை கொண்டுவந்தான். கட்டிடத்தைப் பிரிக்கவே வேண்டாம். கம்பெனி மாதிரி பதிந்து, ஆளுக்கொரு ஷேர் வைத்துக்கொண்டு லாபத்தைப் பங்கு போடலாம்.

"மூணு ஷேர்ல ரெண்டு எப்பவும் ஒரே பக்கம் கை தூக்கும்ணே," என்றாள் மஞ்சு. "லாபம் எனக்கு வரும். வாய் இருக்காது. பிரிச்சே போடுங்க."

மூன்று பேரும் தென்காசியில் வக்கீல் ஸ்டான்லியின் ஆபீசுக்குப் போனார்கள். அப்பா காலத்து வக்கீல். மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டு, எடுத்த எடுப்பில் மஞ்சுவிடம்தான் பேசினார்.

"சட்டம் மூணு பேருக்கும் சமம்னு சொல்லுது. ஆனா கோர்ட்டுக்குப் போனா அதோட நிக்காதும்மா. ஈக்விட்டின்னு ஒண்ணு பாப்பாங்க. யார் எங்கன இருக்கா, யார் உழைப்பு எதுல கெடக்கு, யாருக்கு எது பொருந்தும்னு ஆளைப் பாத்து அளக்கது. நீங்க கீழ்த்தளத்துல இருந்து நடத்துதீய. அதை உங்களுக்கே ஒதுக்கச் சொல்லிக் கேக்கலாம். விலை கூடக்குறைய இருந்தா பணமா ஈடு கட்டிக்கிடலாம்."

"இதுக்கு எதுக்கு சார் கோர்ட்டு?" மூத்தவர் நாற்காலியில் சாய்ந்தார். குரல் வெண்ணெயாக இருந்தது. "நாங்களே கொடுத்துருவோம்லா. பாவம், அது எங்க மாடி ஏறப் போவுது?"

பாவம் என்ற அந்த ஒரு சொல், பழுக்கக் காய்ச்சிய கம்பியாக மஞ்சுவுக்குள் இறங்கியது. மூத்தவர் முப்பது வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ஆட்களைப் பேசவைத்த மனிதர். எந்த ஆளை எந்தச் சொல் கிளப்பும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். மஞ்சுவுக்கு அது உறைத்தது பத்திரத்தில் அவள் கையெழுத்து காய்ந்த பிறகுதான்.

"ஆளைப் பாத்து அளக்கவேண்டாம் சார்," என்றாள். "எனக்கு யாரும் ஒதுக்கித் தரவும் வேண்டாம். சீட்டுப் போடுங்க."

ஸ்டான்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீயளாம்மா?"

"மூணு பேரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தோம். மூணு சீட்டு."

இலஞ்சி கோயிலின் வெளி மண்டபத்தில் சீட்டுப் போட்டார்கள். திருநீற்றுத் தட்டில் மடித்த மூன்று காகிதங்கள். அவர்கள் குடும்பத்தில் கடைசிப் பிள்ளைதான் முதலில் எடுக்கவேண்டும். மண்டியில் சரக்குப் பிரிக்கும்போதுகூட அப்பா அப்படித்தான் செய்வார். மஞ்சு கண்ணை மூடவில்லை, சாமியும் கும்பிடவில்லை. கைக்கு முதலில் பட்டதை எடுத்துப் பிரித்தாள்.

மேல்மாடி.

மண்டபத்துத் தூணில் ஒரு அணில் இறங்கி ஏறியது. பாண்டிராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டான். மஞ்சு நிமிர்ந்து, மற்ற இரண்டு சீட்டுகளையும் தன் கண்முன்னால் பிரிக்கச் சொன்னாள். மூத்தவர் முகம் சுளிக்காமல் பிரித்துக் காட்டினார். ஒன்றில் கீழ்த்தளம், இன்னொன்றில் நடுமாடி. தட்டில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. மூன்றில் ஒன்றிலாவது பித்தலாட்டம் இருந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கியிருப்பாள். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

அவற்றை மறுபடி மடித்துக் குலுக்கி எடுத்ததில் மூத்தவருக்கு வந்தது கீழ்த்தளம், பாண்டிராஜுக்கு நடுமாடி.

பத்திரப் பதிவுக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தது. யாராவது 'மாத்திக்கிடுவோமா' என்று கேட்டால், முதல் தடவை வேண்டாம் என்றுவிட்டு, இரண்டாம் தடவை ஒத்துக்கொள்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். சாப்பிடும்போதும் பார்த்தாள், குளிக்கும்போதும் பார்த்தாள். யாரும் முதல் தடவைகூடக் கேட்கவில்லை.

ஆடி பிறந்த அன்று மூத்தவர் ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அருவியில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஊரில் ஒரு அறை காலியில்லை. மஞ்சுவின் அறைச் சாவியை அவர் ஆணியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்த ரூம்ல நீ தாராளமா இருந்துக்கிடலாம்ட்டி. சீசன் ரேட்டு. இருபத்துநாலு மணி நேரம்."

"அண்ணே."

"உனக்கு ஒண்ணு, அடுத்தாளுக்கு ஒண்ணுன்னு நான் எப்படிச் செய்ய? நீ சொல்லிக்கொடுத்த தொழிலுல்லா இது."

பாண்டிராஜ் செல்போனில் எதையோ அவசரமாகத் தேடினான்.

"மாடிய மாத்திக்கிடுவோம்ணே," என்றாள் மஞ்சு.

"மாத்தலாமே. கீழ்த்தளத்துக்கு இன்னைக்கு என்ன விலை, மேல்மாடிக்கு என்ன விலை? வித்தியாசத்துக்கு உனக்கு வருத ரூம்கள்ல பாதிய எனக்கு எழுதிக்கொடு. இல்ல, சும்மா கொடுண்ணேன்னு வாய்விட்டுக் கேளு. நான் இரக்கப்பட்டுத் தந்துருதேன்." பேனாவை மூடினார். "எது வேணும்?"

மஞ்சு நாற்காலியைப் படிக்கட்டுக்கு உருட்டினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள். கீழே இறங்கி, முதுகைப் படிப்பக்கம் திருப்பி, இரண்டு கையையும் மேல்படியில் ஊன்றி உடம்பைத் தூக்கி வைத்தாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த படியில் வைத்தாள். குளிக்கப் போனவர்கள் சிந்திய எண்ணெயில் படி வழுக்கியது. உள்ளங்கை நழுவி ஒரு தடவை முழங்கை படியில் இடித்தது. தூக்கிவிட வந்த ஒரு இளைஞனை அவள் பார்த்த பார்வையில் அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அருவிக்குப் போகும் பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்து அவளைத் தாண்டிப் போனார்கள். முகம் முழுக்கக் கீழ்நோக்கி இருந்ததால், திருப்பம் வரும்வரை மூத்தவர் அவள் கண்ணிலேயே இருந்தார். அவர் எழுந்து வந்து, படிக்கட்டின் கீழே கிடந்த சக்கர நாற்காலியைக் காலால் லேசாகத் தள்ளி ஓரமாக்கினார்.

"வள்ளித்தாயி, பொது வழில சாமான் கெடக்கு. எடுத்துட்டுப் போ."

வள்ளித்தாய்தான் அந்த நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

மேல்மாடியில் ஒன்றைக் கண்டுபிடிக்க மஞ்சுவுக்கு இரண்டு நாள் பிடித்தது. நடைவழியின் கடைசியில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களில் இரண்டு வால்வுகள். ஒன்று நடுமாடிக்கு, இன்னொன்று கீழ்த்தளத்துக்கு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டுகிற உயரம். மொட்டைமாடியும் தொட்டியும் மேல்மாடிப் பங்கோடு சேர்ந்தவை என்று பத்திரமே சொல்லியது. சீட்டு எழுதும்போது தண்ணீரைப் பற்றி யாருமே நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் மூடினாள்.

கால் மணி நேரத்தில் கீழே கதவுகள் தட்டப்பட்டன. தலை முழுக்க எண்ணெயும் சீயக்காயுமாக ஆட்கள் நடைவழிக்கு வந்து கத்தினார்கள். சோப்பு நுரையோடு அழும் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மேல்மாடி வரை ஏறி வந்தாள். "கண்ணு எரியுதுன்னு துடிக்கான்க்கா, ஒரு வாளி." மஞ்சு அவளுக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். கீழ்த்தளத்து முறை ராத்திரி பத்து மணிக்கு.

மூத்தவர் மூச்சு வாங்க வந்து நின்றார். பின்னால் பாண்டிராஜ்.

"ஏட்டி, தண்ணியத் திற."

"மூணு பங்குண்ணே. ஒரு நாளைக்கு ஆளுக்கு எட்டு மணி நேரம். காலம்பற எனக்கு, மத்தியானம் சின்னண்ணனுக்கு, ராத்திரி ஒங்களுக்கு. ஒரு நிமிசம் கூடக்குறைய இருக்காது."

"சீசன்ல எவம்ட்டி ராத்திரி பத்து மணிக்கு வெளிக்கிப் போவான்?"

"அது உங்க கஸ்டமரு. என்னக் கேட்டா?"

"மோட்டார் ஸ்விட்ச் கீழ என்கிட்டல்லா இருக்கு."

"நிறுத்திக்கிடுங்க. தொட்டி நெறைஞ்சு கெடக்கு. என் மாடியில ரூம் எதுவும் விடல, நான் ஒருத்திதான். எனக்கு ஆடி முடிய வரும்."

பாண்டிராஜ் தன்னை மறந்து சிரித்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். மூத்தவர் கோபப்படவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். மடக்குக் கட்டில், மூலையில் துவைத்து மடித்த துணி, ஜன்னலில் எவர்சில்வர் தூக்குச்சட்டி, அதன் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த காப்பி டம்ளர். எல்லாவற்றிலும் ஒரே ஆளின் கைவாகு தெரிந்தது. பழைய போலீஸ் கண்.

"வள்ளித்தாயி."

வாசலில் நின்றவள் உள்ளே வந்தாள்.

"இனிமே நீ கீழ்த்தளத்து ஆளு. சம்பளம் ஒண்ணரைப் பங்கு. மேல ஒரு டம்ளர் காப்பி ஏறக்கூடாது. ஏறிச்சுன்னா சோலி கெடயாது. வேற எந்த லாட்ஜிலயும் கெடயாது, பாத்துக்கிடுதேன்." மஞ்சு பக்கம் திரும்பினார். "தண்ணியக் குடிச்சே ஆடிய ஓட்டு தாயி."

இருவரும் இறங்கிப் போனார்கள். மஞ்சு சிரித்தாள். நிஜமாகவே சிரிப்பு வந்தது. வள்ளித்தாயைக் கொண்டா பயம் காட்டுவது.

"கேட்டியா அவர் பேச்ச? நீ போயி இட்லி வாங்கிட்டு வா. காரச் சட்னி கேட்டு வாங்கு."

வள்ளித்தாய் நகரவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாள்.

"மஞ்சும்மா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இந்த லாட்ஜு தொறந்த அன்னைல இருந்து மூணு மாடியும் நான்தான் தூத்துத் தொடச்சேன். முதலாளி படுக்கைல கெடந்தப்ப பீ மூத்திரம் அள்ளுனேன். அண்ணாச்சிமாரு ரெண்டு பேரும் கருமாதிக்குத்தான் வந்தாவ." அவள் குரலில் குறை இல்லை; வேலைக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "மாடி கேக்கல. படிக்கட்டுக்கு அடியில வாளி, தொடப்பம் வைக்குத ரூமு இருக்குல்லா. சாவுத வரைக்கும் நான் அதுல இருந்துக்கிடலாம்னு ஒரு வரி, அந்தப் பத்திரத்துல எழுதிருக்கலாம்லா. மூணு பேர்ல நீங்க ஒருத்தராவது சொல்லிருக்கலாம்லா."

மஞ்சுவிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும். யோசிப்பதற்கு முன்பே அது வெளியே வந்துவிட்டது.

"நீ சம்பளத்துக்கு வந்தவ. பங்காளி இல்ல. எல்லாருக்கும் அப்படிப் பாக்க முடியுமா?"

வள்ளித்தாய் முந்தானையை விட்டாள்.

"சரிம்மா," என்றாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள். இட்லிக்கா, கழுவவா, கீழே கொண்டுபோய் வைக்கவா என்று சொல்லவில்லை. செருப்பு ஓசை இரண்டு மாடி இறங்கி, தெருச் சத்தத்தில் கரைந்தது.

மத்தியானம் ஆனது. மஞ்சு சொன்ன நேரத்துக்கு நடுமாடி வால்வைத் திறந்தாள். அதற்குள் நடுமாடியில் அறைகளைக் காலி செய்துகொண்டு ஆட்கள் பெட்டிகளோடு இறங்கும் சத்தம் கேட்டது. மூத்தவர் மோட்டாரை நிறுத்திவிட்டார் என்பது தொட்டிக்கு ஏறும் குழாயில் காற்று சீறியபோது தெரிந்தது. பசி வயிற்றிலிருந்து தலைக்கு ஏறியது. குழாயைத் திறந்து வாய் நிறையத் தண்ணீர் குடித்தாள். மலைமேல் வெயிலும் சாரலும் மாறி மாறி வந்தன. எதிர் லாட்ஜில் யாரோ பரோட்டா மாவு அடிக்கும் ஓசை விடாமல் கேட்டது. வள்ளித்தாய்க்கு போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

விளக்கு வைக்கிற நேரத்தில் படிக்கட்டில் செருப்பு ஓசை.

மஞ்சு நாற்காலியைப் படிக்கட்டின் தலைக்கு உருட்டினாள். முன்சக்கரங்கள் விளிம்பைத் தொட்டன. நடுமாடித் திருப்பத்தில் ஓசை நின்றது. அதே நேரத்தில் கீழிருந்து மூத்தவரின் குரல், கோபமே இல்லாமல், "வள்ளித்தாயி" என்று கூப்பிட்டது. மஞ்சுவும் கூப்பிட வாயைத் திறந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

திருப்பத்துக் கைப்பிடிக் கம்பியில் ஒரு கை மட்டும் தெரிந்தது. நரம்பு புடைத்த கை. மணிக்கட்டில் ரப்பர் வளையல். மற்றக் கையில் தூக்குச்சட்டி இருக்கிறதா என்பதைச் சுவர் மறைத்தது. கம்பியைப் பிடித்த அந்தக் கை மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.